வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, உன் மனைவி, பாப்பா மூவரும் சுகமாக இருக்க வேண்டும். பாப்பாவுக்குப் பல் விழுந்த போட்டோ வந்தது. சிரிப்பு அப்படியே உன்னுடையது. முன்னால் இரண்டு பல் இல்லை, அதற்கே அவ்வளவு கெத்து. உன் அத்தான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீ மூன்று தடவை போன் செய்தாய். நான் கைவேலையாக இருந்தேன் என்று உன் அத்தான் சொன்னது பொய். போன் என் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்தால் நீ 'அக்கா' என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் அங்கேயே கரைந்துவிடுவேன், நினைத்ததில் கால்வாசி கூட வாயில் வராது. அதனால்தான் கடிதம். இதில் நடுவில் புகுந்து பேச உன்னால் முடியாது.

வண்டியின் பெயர் மாற்றும் படிவம் போன செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறாய். ரொம்பக் கரிசனம். வாங்குபவர் பெயர் எழுதும் கட்டம் மட்டும் காலி. காலிக் கட்டம் இருக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதே அக்கா என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதுவும் உனக்கு நினைவில்லை போல.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் இனி எழுதப் போகிறேன். தெரிந்த கதைதானே என்று பக்கத்தைத் தள்ளாதே. நீ நிறைய மறந்திருக்கிறாய் என்று இந்த ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

இருபது வருடத்துக்கு முன்னால் நீ உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தாய். நான் இதே கடையில், இதே மெஷினில், கார் சீட் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் வண்டி பார்க்கக் கிளம்பிவிடுவோம். பழசு என்று கொண்டாட வயது போதாத, புதுசு என்று சொல்லவும் கூசுகிற, நடுவில் மாட்டிக்கொண்ட வண்டிகள். இன்றைக்கு ஒருவரும் சீந்தாத வண்டிகளில் எது பத்து வருடத்தில் விலை ஏறும் என்று கண்டுபிடிப்பதுதான் நமக்கு விளையாட்டு. பதினைந்து வயதில் எந்த வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டினானோ, அதைத்தான் ஒருவன் நாற்பத்தைந்து வயதில் வாங்குவான் என்று நீ சொல்வாய். நீ வண்டிக்கு அடியில் படுத்து இரும்பைப் பார்ப்பாய். இன்ஜின் நம்பரும் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பாய். நான் உள்ளே ஏறி உட்காருவேன். சீட்டைத் தடவிப் பார்த்தால் அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்று எனக்குத் தெரியும். கிலோமீட்டர் முள்ளைத் திருப்பி வைக்கலாம், ஓட்டுகிறவர் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த ஓரத்தை யாராலும் திருப்ப முடியாது.

இன்ஜினுக்கு உதிரி கிடைக்கும், துணிக்குக் கிடைக்காது என்று முதலில் சொன்னது நான். இதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அப்புறம் நம்முடைய அந்த வார்த்தை. 'வீட்ல கேட்டுச் சொல்றோம்.' வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். எனக்கு வரன் பார்த்த காலத்தில் இரண்டு குடும்பத்தார் அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று நீதான் கிண்டல் செய்வாய். அதைப் பிடித்துத் தலைகீழாக மாற்றினோம். நல்ல வண்டி கண்ணில் பட்டால் நம்மில் ஒருவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும். சிக்கிவிட்டது, முகத்தில் காட்டாதே என்று அர்த்தம். புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக மற்றவர் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீர் கேட்டால் எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். விற்கிறவர் உள்ளே போய் டம்ளர் தேடி எடுத்து வருவதற்குள், எவ்வளவுக்குக் கேட்பது என்று நாம் பேசி முடித்திருப்போம். பிடிக்காத வண்டியாக இருந்தால் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு நடையைக் கட்டுவோம்.

எத்தனை பேரை அப்படி உள்ளே அனுப்பியிருக்கிறோம். எனக்கு அதில் பங்கில்லை என்று சொல்லவில்லை.

கண்சிமிட்டி மட்டும் அப்படி வாங்கிய வண்டி இல்லை. அதை நான் தனியாகப் பார்த்தேன், தனியாக முடிவு செய்தேன். பதினோரு வருடம் ஆகிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சீட்டுக்கு உறை தைக்க வேண்டும் என்று அதை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டே கதவு, கையால் கியர் போடுகிற வண்டி, சுவிட்சைத் தட்டினால் விளக்கு இரண்டும் போனட்டிலிருந்து எழுந்து வரும். வலது விளக்கு மட்டும் அரை நொடி தாமதமாக எழும். பெயர் அங்கேயே கிடைத்துவிட்டது. சீட்டின் மேல் வாத்தியார் விரித்திருந்த துண்டுகளை எடுத்தேன். அடியில் தொழிற்சாலையில் போட்ட கட்டம்போட்ட துணி, சாம்பலும் கருஞ்சிவப்பும், ஒரு நூல் பிரியவில்லை, ஒரு இடம் வெளுக்கவில்லை. அந்தத் துணியை நெய்த ஆலையை மூடி ரொம்ப நாளாகிவிட்டது. வாத்தியாரிடம் நான் எந்த நாடகமும் ஆடவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. ஐயா, இது நல்ல வண்டி, விற்கிற எண்ணம் வந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்றேன். இரண்டு மாதம் கழித்து அவரே வந்து சாவியைக் கொடுத்தார்.

நீ அப்போதே சிரித்தாய். உலகத்திலேயே துணிக்காக வண்டி வாங்கின ஒரே ஆள் எங்க அக்காதான் என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னாய். எனக்கு வருத்தமில்லை. ஒரு நாள் இவனே வந்து ஒத்துக்கொள்வான் என்று இருந்தேன். அந்த வண்டியில் எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. எனக்கும் கண் உண்டு, உன் பின்னால் வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நான் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அது.

நீ வெளிநாடு போனாய், பெரிய மனிதர்களுக்கு வண்டி பொறுக்கிக் கொடுக்கும் வேலையில் பெயர் வாங்கினாய். யாராவது கேட்டால் என் தம்பி என்று சொல்லிக்கொள்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். போன வருடம் நீ ஆரம்பித்தாய். அக்கா, அது ஏறாது, அந்த மாதிரி வண்டியை இப்ப யாரும் கேட்கிறதில்ல, துணியெல்லாம் ஒருத்தரும் பார்க்கிறதில்ல, அடியில துரு ஏறுறதுக்குள்ள தள்ளிவிடு என்றாய். ஒரு தடவை சொன்னால் சண்டை போட்டிருப்பேன். நீ வாரா வாரம் சொன்னாய். அதுவும் அவ்வளவு அன்பாக, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற மாதிரி. கடைசியில் நம்பிவிட்டேன். உன் அத்தானிடம் போய், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், எனக்கு வண்டி தெரியாது என்று என் வாயாலேயே சொன்னேன். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் சொன்னார்.

போன மாதம் வந்தாயே, உன் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு. கழுத்தில் பட்டை மாட்டிய கண்ணாடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அந்த மனிதர். உனக்காகத்தான் அக்கா இவர் வாங்க ஒத்துக்கிட்டார், இவருக்கே இது தேவையில்ல என்று என்னிடம் தனியாகச் சொன்னாய். நான் அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

நீ ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்தாய். அவர் உள்ளே உட்கார்ந்து சீட்டைத் தடவினார், நான் தடவுகிற மாதிரியே, ஓரத்திலிருந்து நடுவுக்கு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு, 'வீட்ல கேட்டுச் சொல்றோம்' என்றாய்.

தம்பி, அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என்னிடம்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். இந்த ஆளுக்கு முன்னால் வெளிப்படையாகப் பேச முடியாமல், அக்கா இது நல்ல வண்டி, விற்றுவிடாதே என்று நம் வார்த்தையில் எனக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். கீழே படுத்துப் பார்த்ததும் மனம் மாறிவிட்டான், பதினோரு வருடம் கழித்து ஒத்துக்கொண்டான் என்று நினைத்தேன். புரிந்தது என்று காட்டத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். என் வீட்டில் நானே யாரிடம் தண்ணீர் கேட்பது என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அதற்குள் அவர் கேட்டுவிட்டார். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா என்றார்.

நான் உள்ளே போனேன். கால் தானாகப் போனது. டம்ளரை எடுத்துக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் வழிந்து கையெல்லாம் நனைந்தது. வெளியே நீங்கள் இருவரும் தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்தப் பேச்சை நான் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். இதுவரை வெளியே நின்றுதான் பேசியிருக்கிறேன். உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தண்ணீரைக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை போனட் மேல் வைத்தார். நீ என் தோளில் கை போட்டு, வயசாயிடுச்சுக்கா உன் வண்டிக்கு, நாங்க பார்த்துக்கிறோம் என்றாய். நீ வேண்டுமென்று என் முன்னால் அதைச் சொல்லியிருக்கமாட்டாய். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வார்த்தையை யாரோடு சேர்ந்து கண்டுபிடித்தாய் என்பதே உனக்கு மறந்துபோயிருக்கிறது. ஊரார் வீட்டில் நிற்கிற மாதிரி என் ஷெட்டில் நின்றிருக்கிறாய். எந்த வீட்டில் கேட்டுச் சொல்லப் போகிறாய்? உனக்கு இது வீடு இல்லையா?

இவ்வளவுக்கும் பிறகு ஒன்பது நாள் உனக்காக என்னோடு நானே வாதாடினேன். ஒருவேளை அவருக்கு நிஜமாகவே தாகமாக இருந்திருக்கலாம், வெயில் நேரம் என்று. நம்புவாயா? அப்படித்தான் இருந்தேன்.

பத்தாவது நாள் பல் டாக்டர் ஒருவர் கடைக்கு வந்தார். நீ அவரைப் பார்த்ததில்லை. நான்கு கதவு வண்டி ஒன்று வைத்திருக்கிறார், நம்முடையதைவிட ஐந்து வருடம் மூத்தது. ஆறு மாதத்துக்கு முன் சீட் தைக்க வந்தபோது, பழைய துணி நன்றாகத்தானே இருக்கிறது, வைத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். அது நீ வாரா வாரம் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த சமயம். துணியெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை டாக்டர், ரெக்சின் போட்டுவிடலாம் என்று சொன்னேன். நான் சொன்னேன், தம்பி. நல்ல துணி, ஒரு கிழிசல் இல்லை. என் கத்தரியாலேயே வெட்டிக் குப்பையில் போட்டேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு வேலையை நான் செய்ததே கிடையாது.

அவர் கையில் நான்கைந்து தாள். நீ மாதா மாதம் உன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறாயே, விலை ஏறப் போகும் வண்டிகள் என்று ஒரு பட்டியல், அதை அவருடைய நண்பர் யாரோ கொடுத்திருக்கிறார். உங்கள் தம்பி எழுதியதுதானே என்று பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். நீ இங்கே வந்து போனதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி. முதல் இடத்தில் கண்சிமிட்டி. வண்டியின் பெயர், வருடம், இரண்டு கதவு, கை கியர், எழுந்து மடங்கும் விளக்கு இனி எந்தக் கம்பெனியும் வைக்கப் போவதில்லை என்று எல்லாம் எழுதி, தொழிற்சாலைத் துணி கலையாமல் ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று முடித்திருந்தாய். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், இன்ஜினுக்கு உதிரி கிடைக்கும், துணிக்குக் கிடைக்காது. அடியில் உன் பெயர்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. இதுல இப்படிப் போட்டிருக்கே, அப்ப எதுக்கும்மா என்னோட துணியை எடுக்கச் சொன்னீங்க என்று மட்டும் கேட்டார். என் தம்பி எனக்கு ஒன்று சொல்கிறான், ஊருக்கு ஒன்று எழுதுகிறான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெரியவில்லை டாக்டர், தப்பு என்னுடையது என்றேன். கூலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

என் தலையில் மிளகாய் அரைத்ததைக்கூட விட்டுவிடலாம் தம்பி. எனக்கு ஒன்றும் தெரியாது என்று என்னையே நம்ப வைத்தாயே. பதினோரு வருடமும் நான் சரியாகத்தான் இருந்திருக்கிறேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, வாரா வாரம் போன் செய்து, நான் சாப்பிட்டேனா என்று விசாரித்துவிட்டு, அதை என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியிருக்கிறாய். வண்டியைத் திருடியிருந்தால் போலீஸில் சொல்லலாம். இதை எங்கே போய்ச் சொல்ல?

உன் அத்தானிடம் நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, தன் சைக்கிளுக்கு ஷெட்டில் இடமில்லை என்று பதினோரு வருடமாக முணுமுணுக்கிறவர். கேட்டுவிட்டு எழுந்து போய், உள்ளே ஒண்டி நின்ற சைக்கிளை வெளியே எடுத்துச் சன்னலோடு சேர்த்துப் பூட்டு போட்டார். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் தைச்சுக் கொடு என்றார்.

படிவத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். நீ பென்சிலில் போட்ட பெருக்கல் குறிகளை அழித்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். உன் கூட்டாளியிடம் என்ன சொல்வாய் என்பது உன் பாடு. விலை போதவில்லை என்று அக்கா முரண்டு பிடிக்கிறாள் என்று சொல்லிவிடாதே. கூட்டிக் கொடுத்தாலும் கிடையாது.

கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேனே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட கடிதத்தில் எல்லோரும் அதைத்தானே எழுதுவார்கள். எழுதியும் பார்த்தேன். வாசித்தால் பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். கொடுத்திருக்க மாட்டேன் தம்பி. கோபித்துக்கொண்டு நீ ஒரு வருடம் பேசாமல் இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அது என் வண்டி. அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் போன் செய்யாதே. உன் மனைவியைவிட்டுப் பேசச் சொல்லாதே, அவளுக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது, பாவம். பாப்பாவை அழைத்து 'அத்தை' என்று சொல்ல வைக்காதே. அது ரொம்பத் தப்பு. அந்தக் குரலைக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

லீவு கிடைக்கும்போது வா. யாரையும் கூட்டிக்கொண்டு வராமல் தனியாக வா. ஷெட்டுக்குப் போக வேண்டாம், நேரே வீட்டுக்குள் வா. வந்து உட்கார்ந்து, அக்கா உனக்கு வண்டி தெரியும் என்று ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல். மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். அதைச் சொல்ல உனக்கு வாய் வருகிற வரைக்கும் நான் காத்திருக்கிறேன். எத்தனை வருடம் ஆனாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா